ஈஸ்வரிக்கு எழுதாத நாலு வரி

அமரர் ஊர்தி ஓடைப்பட்டிக்குள் திரும்பியபோது நான் டிரைவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். பின்னால் என் மனைவி ஈஸ்வரி இருந்தாள். விடியற்காலையில் தேனி ஆஸ்பத்திரியில் உயிர் போய்விட்டது. காகிதங்களை வாங்கிக்கொண்டு வெளியே வருவதற்குள் வெயில் ஏறிவிட்டது.

வழி முழுக்கத் திராட்சைப் பந்தல்கள். எங்கோ மருந்தடித்துக்கொண்டிருந்தார்கள், ஜன்னல் வழியாகக் கந்தக நெடி வந்தது. டிரைவர் கண்ணாடியை ஏற்றிவிட்டு, "அம்மாவுக்கு என்ன வயசு சார்?" என்றார். சொன்னேன். "சாகுற வயசு இல்லையே" என்றார். வண்டியில் ஏறுகிற எல்லாருக்கும் அதைத்தான் சொல்வார் என்று தோன்றியது. இருந்தாலும் கேட்க ஆறுதலாகத்தான் இருந்தது.

பஸ் நிறுத்தத்துக்கு எதிரே பிளக்ஸ் கட்டியிருந்தார்கள். ஆளுயரத்துக்கு ஈஸ்வரி. ஏதோ கல்யாணத்தில் பந்தியில் உட்கார்ந்திருந்தபோது எடுத்த போட்டோவில் முகத்தை மட்டும் வெட்டி எடுத்து, பின்னால் நீல வானமும் இரண்டு புறாவும் வைத்திருந்தான் பிளக்ஸ் கடைக் கண்ணன். மேலே கண்ணீர் அஞ்சலி. கீழே பெயர், தேதி. அதற்கும் கீழே நாலு வரி.

வெயிலை நீ வாங்கி
நிழலை எமக்களித்த ஆலமரமே
சாய்ந்தது உன் உடல்தான்
சாயாது உன் நினைவு

வரிகள் என்னுடையவை, அதில் சந்தேகமில்லை. ஆனால் அவளுக்காக நான் எழுதியவை அல்ல. யாருக்காக எழுதியது என்பது ஞாபகம் வந்தது. வண்டியை நிறுத்தச் சொல்ல வாயெடுத்தேன். அவளைப் பின்னால் வைத்துக்கொண்டு எங்கே நிறுத்துவது. வண்டி தெருவுக்குள் போய்விட்டது.

எழுத்தாளன் என்பவன்

இந்தத் தொடரைப் பாதியில் பிடித்தவர்களுக்காக ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் பிறந்தது ஓடைப்பட்டி. தேனியில் ஓர் உரக்கடையில் பில் போடுகிற வேலை. அல்லிநகரத்தில் வாடகை வீடு. மிச்ச நேரத்தில் நாவல் எழுதினேன். திராட்சைத் தோட்டங்களைப் பற்றி, அங்கே கூலிக்கு வருகிறவர்களைப் பற்றி, ஏலக்காய்த் தோட்டத்துக்கு மலையேறிப் போய்த் திரும்பாதவர்களைப் பற்றி. வட்டார எழுத்தாளர் என்று மதுரையில் மேடையேற்றிப் பொன்னாடை போர்த்தினார்கள். முன்வரிசையில் இருந்தவர்கள் எல்லாம் அடுத்துப் பொன்னாடை வாங்க இருந்தவர்கள்.

ஊரில் என் நாவலை யாரும் படித்ததில்லை. இதை வருத்தமாகச் சொல்லவில்லை, தகவலாகச் சொல்கிறேன். மருந்தடித்துவிட்டு வந்து குளித்துச் சோறு தின்று படுக்கிறவன், தான் மருந்தடித்த கதையைக் காசு கொடுத்து வாங்கிப் படிப்பானா?

ஆனால் என்னைப் படிக்காதவர்கள் ஊரில் யாரும் இல்லை. அதற்குக் கண்ணன்தான் காரணம்.

கண்ணன் சின்னமனூரில் பிளக்ஸ் கடை போட்ட புதிதில் என்னைத் தேடி வந்தான். பூப்புனித நீராட்டு, காதுகுத்து எல்லாம் அவனே சமாளித்துக்கொள்வான். சாவுக்கு மட்டும் நாலு வரி வேண்டும் என்றான். "நீங்க கதை எழுதுறவுக. உங்களுக்கு இது ஒரு வேலையா சார்?" என்றான். பழக்கத்துக்காக ஒன்று எழுதிக் கொடுத்தேன். அது பெரியகுளம் வரைக்கும் பேசப்பட்டது.

அதற்குப் பிறகு இந்தப் பக்கத்தில் ஒரு சாவு விழுந்தால் முதல் போன் சொந்தக்காரனுக்கு, இரண்டாவது பந்தல்காரனுக்கு, மூன்றாவது எனக்கு என்றாகிவிட்டது. ஒருதரம் தேவாரத்தில் டீக்கடையில் ஒருவர் எழுந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். "நீங்க எழுதுனதப் படிச்சு விடிய விடிய அழுதேன் சார்" என்றார். நாவலைத்தான் சொல்கிறார் என்று நெஞ்சு நிமிர்ந்தது. எந்த அத்தியாயம் என்று கேட்டுவிட்டேன். "எங்க அப்பா சாவுக்கு எழுதுனீகளே" என்றார்.

ஊர்க்காரர்களுக்கு இதில் ஒரு கணக்கு உண்டு. நாலு வரி இல்லாமல் வெறும் பெயரும் தேதியும் போட்ட பிளக்ஸைக் கண்டால் நின்று பார்ப்பார்கள். வீட்டில் ஏதோ சரியில்லை, மகன்களுக்குள் தகராறு, அல்லது புருசன் பெண்டாட்டிக்குள் ஏதோ கோளாறு என்று பேச்சுக் கிளம்பும். வரி இருந்தால் குடும்பம் ஒழுங்காக இருக்கிறது என்று அர்த்தம். அதனால் யாருக்கும் வரி இல்லாமல் போகக் கூடாது. எவ்வளவு மோசமான ஆளுக்கும்.

பதினாறு முடிந்து கருமாதி கழிந்ததும் பிளக்ஸை அவிழ்த்துவிடுவார்கள். அதோடு அது குப்பைக்குப் போகாது. கெட்டியான சரக்கு. விறகு மூட, மாட்டுக்கொட்டகைக் கூரைக்குப் போட, திராட்சைப் பெட்டி நனையாமல் போர்த்த. இந்தப் பள்ளத்தாக்கில் மழை பெய்தால் என் எழுத்துக்குக் கீழே ஒதுங்குகிற ஆடுமாடுகள் ஏராளம். எந்த வட்டார எழுத்தாளனுக்கு இப்படிப்பட்ட வாசகர் கூட்டம் வாய்த்திருக்கிறது?

இதுல ஆளு எங்கன?

ஈஸ்வரி எட்டாவது வரை படித்தவள். என் நாவல்களுக்கு முதல் ஆள் அவள்தான். படிக்க மாட்டாள், கேட்பாள். சமையலறை வாசலில் உட்கார்ந்து நான் வாசிக்க வேண்டும். அவள் பாட்டுக்குக் கீரை ஆய்ந்துகொண்டிருப்பாள். பிடித்திருந்தால் ஒன்றும் சொல்ல மாட்டாள். பிடிக்காவிட்டால் ஒரே கேள்வி: "இதுல ஆளு எங்கன இருக்கு?"

கூலிக்காரப் பெண் ஒருத்தி தோட்டத்திலேயே செத்துப்போகிற அத்தியாயத்தை மூன்று பக்கத்துக்கு எழுதியிருந்தேன். எனக்கே கண் கலங்கிய இடம். வாசித்து முடித்தேன். "வானம் இருக்கு, கொடி இருக்கு, காத்து இருக்கு. அந்தப் பொம்பள எங்கன?" என்றாள். கோபத்தில் அன்றைக்குச் சாப்பிடாமல் படுத்தேன். ஒரு வாரம் கழித்து அந்த மூன்று பக்கத்தையும் கிழித்துவிட்டு, அந்தப் பெண்ணின் செருப்பு வரப்பில் கிடப்பதை மட்டும் எழுதினேன். அந்த நாவலுக்கு வந்த பாராட்டெல்லாம் அந்தச் செருப்புக்குத்தான்.

பிளக்ஸ் வரிகளை அவளிடம் வாசித்துக் காட்டியதே இல்லை. கேட்டால் என்ன சொல்வாள் என்று தெரியும்.

சகலைக்கு ஓர் ஆலமரம்

ஈஸ்வரிக்கு ஓர் அக்கா. பாண்டியம்மா, எனக்கு மதினி. ஓடைப்பட்டியிலேயே கட்டிக்கொடுத்தார்கள். அவர் புருசன், என் சகலை, திராட்சைத் தோட்டக்காரர். வெளியில் பார்க்கத் தங்கமான மனுசர். பிறர் வீட்டு விசேசத்தில் முதல் ஆளாக நிற்பார், வாழை மரம் கட்டுவார், பந்தி பரிமாறுவார். வீட்டுக்குள் கை நீளும். கல்யாணமான புதிதில் அவர் விட்ட அறையில் மதினிக்கு வலது காது போய்விட்டது. இன்றைக்கும் மதினியிடம் பேசுகிறவர்கள் இடது பக்கம் வந்துதான் பேசுவார்கள். ஏன் என்று யாரும் கேட்பதில்லை, எல்லாருக்கும் தெரியும்.

சில வருசங்களுக்கு முன்னால் சகலை நெஞ்சுவலியில் இறந்தார். மகன் முத்துவேல் போன் செய்து, "சித்தப்பா, அப்பாவுக்கு நீங்கதான் எழுதணும்" என்றான். நான் எழுதினேன். அதுதான் அந்த ஆலமரம்.

சாவு வீட்டு வாசலில் ஈஸ்வரி அதைப் படித்துவிட்டுத் திரும்பி என்னைப் பார்த்தாள். அல்லிநகரம் வந்து கதவைத் திறந்ததும் கேட்டாள்.

"எங்க அக்காவுக்கு ஒரு காது கேக்காது. அத எழுத வேண்டியதுதான?"

"செத்தவரைப் பத்தி அப்படி எழுதுவாகளா?"

"அவரு நெழல் குடுத்தாராக்கும்."

"ஊரு வழக்கம் ஈஸ்வரி. வரி இல்லாட்டி உங்க அக்கா வீட்டைத்தான் நாலு பேரு நாலு விதமாப் பேசுவாக."

கொஞ்ச நேரம் புடவையை மடித்துக்கொண்டிருந்தாள். பிறகு சொன்னாள்: "எனக்கு எழுதுற நாள் வந்தா என்னையத்தான் எழுதணும். மரம், வெளக்கு, தெய்வம் ஒண்ணும் வேணாம். முடியாட்டி பேரும் தேதியும் போதும். யாரு என்ன பேசுனா எனக்கென்ன?"

விளையாட்டுக்குச் சொல்கிறாள் என்றுதான் எடுத்துக்கொண்டேன்.

கட்டிலுக்குப் பக்கத்தில்

போன வருசம் அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. வாயுத் தொல்லை என்று கசாயம் குடித்தாள். ஸ்கேன் எடுத்தபோது காலம் கடந்திருந்தது. டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். நான் வெளியே வந்தபோது அவள் பெஞ்சில் உட்கார்ந்து பக்கத்துப் பெண்ணிடம் சுண்டைக்காய் வற்றல் போடுவதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தாள். என் முகத்தைப் பார்த்தாள். பேச்சை நிறுத்தவில்லை, முடித்துவிட்டுத்தான் எழுந்து வந்தாள்.

எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. வார்டில் நான்தான் இருந்தேன். கட்டிலுக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் ஸ்டூல். அங்கே உட்கார்ந்து அவளுக்கான நாலு வரியை எழுதப் பார்த்தேன். ஆள் உயிரோடிருக்கும்போதே இப்படி ஒரு வேலை செய்தவன் உலகத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். ஆனால் அவள் கேட்டது அது ஒன்றுதான். வேறு நகை கேட்கவில்லை, ஊர் பார்க்கக் கேட்கவில்லை.

எழுத வரவில்லை. கைக்குள் வருவதெல்லாம் கண்ணன் கடைச் சரக்காக இருந்தது. விளக்கு வரும், அடித்துவிடுவேன். தாய் வரும், அடித்துவிடுவேன். கோபமாகப் பேசுகிறவள் என்று எழுதினால் அது மட்டுமா அவள் என்று கேள்வி வரும். நாவலில் செருப்பை எழுதத் தெரிந்தது. முப்பது வருசத்துக்கு மேல் கூட இருந்தவளின் எந்தச் சாமானை எடுத்து எழுதுவது என்று தெரியவில்லை. ஒன்றை எடுத்தால் மற்றதெல்லாம் விட்டுப்போகிற மாதிரி இருந்தது. அவள் தூங்கும்போது முகத்தைப் பார்த்துக்கொண்டே இருப்பேன். வரியைத் தேடித்தான் பார்க்கிறேன் என்பது நினைவுக்கு வந்ததும் அசிங்கமாக இருக்கும்.

ஒரு மத்தியானம் கண்ணைத் திறந்து, "எழுதிட்டீகளா?" என்றாள்.

"எத?"

"நடிக்காதீக."

"வர மாட்டேங்குது ஈஸ்வரி."

சிரித்தாள். நோய் வந்த பிறகு சிரித்தால் இருமல் வந்துவிடும், இருமி முடித்தாள். "ஊருல உள்ள பொணத்துக்கெல்லாம் வந்துச்சு" என்றாள். பிறகு என் கையைத் தட்டிக்கொடுத்தாள். "விடுங்க. பேரும் தேதியும் போடச் சொல்லுங்க. பொய்யி மட்டும் வேணாம்."

கண்ணனுக்கு அதை முன்கூட்டியே சொல்லிவைத்திருக்க வேண்டும். உயிரோடு இருப்பவளின் பிளக்ஸைப் பற்றி அவனுக்கு எப்படிப் போன் செய்து சொல்வது? அவள் இறந்த அன்று விடியற்காலையில் எனக்குப் போனைப் பற்றிய நினைப்பே இல்லை. ஆஸ்பத்திரியில் காகிதங்களுக்காக இந்த ஜன்னலுக்கும் அந்த ஜன்னலுக்கும் நடந்துகொண்டிருந்தேன்.

வாசலில்

அந்த நேரத்தில் என்ன நடந்தது என்பதை முத்துவேல் பிறகு சொன்னான். சித்திக்குப் பிளக்ஸ் அடிக்க வேண்டுமென்று அவன் கண்ணனுக்குப் போன் போட்டிருக்கிறான். கண்ணன் எனக்குப் பலமுறை அடித்துப் பார்த்திருக்கிறான், நான் எடுக்கவில்லை. மிஷின் காத்துக்கிடக்கிறது. வெறும் பெயரைப் போட்டால் எழுத்தாளர் வீட்டுச் சாவே இப்படியா என்று ஊர் பேசும். கம்ப்யூட்டரில் என் பழைய வரிகள் எல்லாம் இருந்தன. சாரே எழுதினதுதானே, அதுவும் அதே குடும்பத்துக்கு எழுதினது, சார் கோபிக்க மாட்டார் என்று எடுத்துப் போட்டுவிட்டான். நல்ல எண்ணத்தில்தான் செய்தான். இப்போதும் அவன்மேல் எனக்குக் கோபம் வர மாட்டேனென்கிறது. வந்தால் நன்றாக இருக்கும்.

வாடகை வீட்டுக்குப் பிணத்தைக் கொண்டுபோக முடியாது, அதனால் வண்டி நின்றது முத்துவேல் வீட்டு வாசலில். அங்கேயும் ஒரு பிளக்ஸ், அதே புறா, அதே ஆலமரம். ஈஸ்வரியை இறக்கிக் குளிர்பெட்டியில் வைத்தார்கள். வந்தவர்கள் எல்லாம் என் கையைப் பிடித்தார்கள். "பொண்டாட்டிக்கு எழுதும்போது கை நடுங்கியிருக்குமே சார்" என்றார் ஒருவர். "நிழல எமக்களித்தன்னு போட்டீக பாருங்க, அங்கனதான் சார் தாங்க முடியல" என்றார் இன்னொருவர். நான் தலையை ஆட்டினேன். இல்லை என்று சொல்ல ஆரம்பித்தால் எல்லாவற்றையும் சொல்ல வேண்டிவரும்.

தங்கச்சி தலைமாட்டில் மதினி உட்கார்ந்திருந்தார். அழுது முடித்து ஓய்ந்திருந்தார். வெற்றிலை எச்சில் துப்ப வாசலுக்கு வந்தவர் பிளக்ஸைப் பார்த்து நின்றுவிட்டார். அவருக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். ஆனால் அந்த நாலு வரியைக் கூட்ட வேண்டியதில்லை. சகலையின் பிளக்ஸ் அவருடைய ஆட்டுக்கொட்டகைக்குக் கூரையாகக் கிடந்தது. வெள்ளைப் பக்கம் வெயிலுக்கு, எழுத்துப் பக்கம் உள்ளே. இத்தனை வருசமாகக் காலையிலும் சாயங்காலமும் ஆட்டுக்குத் தழை கட்டும்போது தலைக்கு மேலே அவர் பார்த்துக்கொண்டிருந்தது அதைத்தான்.

"தம்பி" என்று கூப்பிட்டார். நான் இடது பக்கமாகப் போய் நின்றேன்.

"இது எங்க கொட்டாயில கெடக்குறதுதான?"

"ஆமா மதினி."

"அந்த மனுசனுக்கு எழுதுனது."

"நான் போடச் சொல்லல மதினி. கண்ணன்..."

அவர் அதைக் கேட்கவில்லை. ஈஸ்வரியின் போட்டோவைப் பார்த்துக்கொண்டிருந்தார். "எந்தங்கச்சியும் அந்த ஆளும் ஒண்ணாய்யா?" என்றார். சத்தமில்லாமல்தான் கேட்டார். அவள் செத்ததற்குக்கூட எனக்கு அப்படி வலிக்கவில்லை.

மதினி வீட்டுக்குள் போனார். திரும்பி வரும்போது கையில் கவாத்துக் கத்தரி இருந்தது. கொடி வெட்டுகிற கத்தரி, அன்றாடம் சாணை பிடித்தது. பிளக்ஸுக்கு முன்னால் குந்தி உட்கார்ந்து, தேதிக்குக் கீழே ஒரு முனையைக் குத்தி, இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்கு வெட்டிக்கொண்டே போனார். அவசரப்படவில்லை. பழம் கொய்கிற கை, கோணாமல் போனது.

முத்துவேல் ஓடிவந்தான். "ஆத்தா, என்ன செய்ற? சித்தப்பா எழுதுனது."

பந்தலில் இருந்த பெரியவர் ஒருவர், "ஏலே, புடிங்கடா அத. கேதவீட்டுல பிளக்ஸ அறுக்குறா பாரு" என்றார். அவர் உட்கார்ந்திருந்தது மதினிக்கு வலது பக்கம். அதனால் கேட்கவில்லையா, கேட்டும் நிறுத்தவில்லையா என்று எனக்குத் தெரியாது.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். "வெட்டட்டும்" என்றேன். அன்றைக்கு நான் உண்மையாகச் சொன்னது அந்த ஒரு வார்த்தைதான்.

வெட்டிய துண்டு கீழே விழுந்தது. மரச்சட்டத்தின் கீழ்ப்பாதி வெறுமையாகி, அதன் வழியே பின்னால் இருந்த சுவரும் தண்ணீர்க் குழாயும் தெரிந்தன. மேலே ஈஸ்வரி, பெயர், தேதி. மதினி துண்டைச் சுருட்டி முத்துவேல் கையில் கொடுத்தார். "கொண்டுபோய் எரி. எங்கொட்டாய்க்கு ஒண்ணு போதும்" என்றார். பிறகு பஸ் நிறுத்தத்துக்கும் கத்தரியை எடுத்துக்கொண்டு அவரே நடந்துபோனார். தங்கச்சி பிணமாகக் கிடக்கும்போது அக்கா தெருவில் நடந்து போனதை ஊர் இன்றைக்கும் பேசுகிறது.

கருமாதி வரைக்கும் அந்தப் பாதிப் பிளக்ஸ் நின்றது. ஊர் பேசியது. புருசன் பெண்டாட்டிக்குள் ஏதோ இருந்திருக்கிறது, எழுத்தாளர் எழுத மாட்டேனென்று சொல்லிவிட்டாராம், அக்காக்காரிக்குப் பைத்தியம் பிடித்துவிட்டதாம். நான் யாருக்கும் விளக்கம் சொல்லவில்லை. அவள் கேட்டது பெயரும் தேதியும். அது கிடைத்துவிட்டது. கொடுத்தது நான் இல்லை.

கண்ணன் போன்

போன வாரம் இந்த அத்தியாயத்தை எழுத உட்கார்ந்தபோது ஈஸ்வரியைத்தான் எழுத நினைத்தேன். எழுதியதைச் சமையலறை வாசலில் உட்கார்ந்து ஒருமுறை வாசித்தேன், பழக்கம் போகவில்லை. பிளக்ஸ் இருக்கிறது, கத்தரி இருக்கிறது, ஆட்டுக்கொட்டகை இருக்கிறது. அவள் கேட்கிற கேள்வியை நானே கேட்டுக்கொண்டேன்.

அந்த நேரத்தில்தான் கண்ணன் கூப்பிட்டான். சாவுக்குப் பிறகு முதல்முறை. தயங்கித் தயங்கிப் பேசினான்.

"சார், கூடலூர்ல ஒரு அம்மா. நாலு வரி வேணும்."

"அந்த அம்மா எப்படிப்பட்டவுக?"

"அது யாருக்குத் தெரியும் சார்? பத்து மணிக்குள்ள கட்டணுமாம்."

"பேரும் தேதியும் போட்டு அடி கண்ணா."

"அப்படிப் போட்டா வாங்க மாட்டாக சார்."

"எனக்கு இனிமே எழுத வராது."

மிஷின் ஓடுகிற ஓசை கேட்டது. கண்ணன் நல்ல பையன், என்னை வற்புறுத்த அவனுக்கு மனசு வரவில்லை.

"பரவால்ல சார், நீங்க ரெஸ்ட் எடுங்க. அந்த ஆலமரத்தையே போட்டுக்கிறேன். அதுதான் எல்லாருக்கும் பொருந்துது" என்றான்.